பீ பாம் நடுவதற்கு முன்: சிவப்பா, ஊதாவா, புள்ளியா, குட்டையா?

மே மாதத்தில் மண் இளகியதும், டொரொண்டோவிலும் அதைச் சுற்றிய ஊர்களிலும் வீட்டுத்தோட்டம் வைத்திருக்கும் தமிழ் நண்பர்கள் ஆண்டுதோறும் என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. தோட்டக் கடையில் பீ பாம் என்று சீட்டுக் குத்திய தொட்டிகள் நான்கைந்து விதமாக அடுக்கியிருக்கின்றன. எல்லாமே பல்லாண்டுச் செடி என்கிறார்கள், விலையும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கிறது. இவற்றில் எதை எடுத்து வருவது? பெரும்பாலோர் படத்தில் அழகாக இருப்பதை எடுத்து வருகிறார்கள். நானும் அதைத்தான் செய்தேன். செக்கச் சிவந்த பூவில் மயங்கி வாங்கிய இரண்டு தொட்டிகளைத் தெற்கு நோக்கிய வேலியோரம், கார் நிறுத்தும் சிமெண்டுத் தளத்தை ஒட்டி நட்டேன். முதலாண்டு பூத்தன. இரண்டாம் ஆண்டு ஆடி பிறந்த சில நாளில், அடியிலை முதல் நுனியிலை வரை திருநீறு பூசிக்கொண்டு, கீழ்ப்பாதி மொட்டைத் தண்டாக நின்றன. செடியின் மேல் குற்றமில்லை. ஓடைக்கரைச் செடியைக் கொண்டுபோய் அடுப்பங்கரையில் வைத்தவன் நான்.

பீ பாம் என்பது ஒரே செடியின் பெயர் அன்று. மொனார்டா என்னும் பேரினத்தைச் சேர்ந்த பல இனங்களுக்கும் அவற்றின் கலப்பு ரகங்களுக்கும் கடைக்காரர்கள் வைத்திருக்கும் பொதுப்பெயர் அது. இந்தப் பேரினம் முழுவதும் வட அமெரிக்காவுக்கே உரியது. 16ஆம் நூற்றாண்டில் செவில் நகரிலிருந்தபடியே புதிய கண்டத்தின் மூலிகைகளைப் பற்றி எழுதிய ஸ்பானிய மருத்துவர் நிக்கோலாஸ் மொனார்டஸின் நினைவாக ஸ்வீடனின் தாவரவியலாளர் லின்னேயஸ் இதற்குப் பெயரிட்டார். நம் துளசியும் புதினாவும் கற்பூரவல்லியும் சேர்ந்த அதே குடும்பம்தான். தண்டை விரலிடுக்கில் உருட்டிப் பார்த்தால் உருளாது. நான்கு பட்டையாகத் தட்டுப்படும்.

## எதை வைத்துத் தீர்மானிப்பது

முதல் அளவுகோல் நீர். ஜூலை நடுவில், மழை நின்று பத்து நாளான பிறகு, நடவிருக்கும் இடத்தில் ஒரு சாண் ஆழம் தோண்டி ஒரு பிடி மண்ணை அழுத்திப் பாருங்கள். கொழுக்கட்டை மாவுபோல் பிடிபட்டால் அது ஈர நிலம். பொலபொலவென்று உதிர்ந்தாலோ, எங்கள் பக்கத்துக் களிமண்போல் ஓடாக இறுகி வெடித்திருந்தாலோ அது வறண்ட நிலம். மற்ற எல்லாக் குறைகளையும் ஓரளவு கைவேலையால் சரிக்கட்டலாம். நீரை மட்டும் கோடை முழுவதும் நீங்களே சுமந்து ஊற்றவேண்டியிருக்கும்.

இரண்டாவது சாம்பல் நோய். பூசணி, புடலை இலைகளில் நாம் பார்த்துப் பழகிய அதே வெண்மாவுதான். பெரும்பாலும் பூஞ்சை இனம் வேறு என்பதால், பீ பாமுக்கு வந்தது பந்தலுக்குத் தாவுமோ என்று அஞ்ச வேண்டியதில்லை. இந்தப் பூஞ்சைக்கு இலை நனைந்திருக்க வேண்டும் என்பதில்லை. வேர் காய்ந்து, காற்றில் ஈரப்பதம் மிகுந்து, தண்டுகள் நெருக்கியடித்து நின்றால் போதும். ஆதலால் நோயும் நீரும் தனித்தனிக் கணக்குகள் ஆகா. வேரில் நீர் குறையும் செடிதான் முதலில் வெளுக்கும். நோய் செடியைக் கொல்லாது, அடுத்த வசந்தத்தில் துளிர் வரும். ஆனால் ஆகஸ்ட் முழுவதும் வாசலில் நிற்கும் அந்தக் கோலத்தைப் பார்த்துக்கொண்டிருக்க எல்லோராலும் முடியாது.

மூன்றாவது பரவல். பல இனங்கள் மண்ணுக்கடியில் கிடைத்தண்டு ஓட்டிப் பக்கவாட்டில் பெருகும். நடுப்பகுதி இரண்டு மூன்று ஆண்டுகளில் மரத்துப்போய் வெறுமையாகும். பல்லாண்டுச் செடி என்ற சொல், நட்டுவிட்டு மறந்துவிடலாம் என்ற எண்ணத்தைத் தருகிறது. இந்தச் செடியில் ஆண்டுகள் நீடிப்பது நீங்கள் நட்ட தூர் அன்று, அதன் ஓரக் கன்றுகள்தான். அவற்றைப் பிரித்து நடும் உழைப்பும் கணக்கில் சேரவேண்டும்.

நான்காவது, தோட்டத்துக்கு யார் வரவேண்டும் என்று நீங்கள் விரும்புகிறீர்கள் என்பது. ரீங்காரச் சிட்டா (ஹம்மிங்பேர்ட்), தேனீக்களா, பூச்சிகளை வேட்டையாடும் குளவிகளா? கடைசியாகச் சமையலறை. இது சிறிய அளவுகோல்தான். ஆனால் தமிழ் வீடுகளில் ஓமமும் கற்பூரவல்லியும் பழகிய மூக்குகளுக்கு இதில் ஒரு தனிச்சுவை இருக்கிறது.

## சிவப்பு: மொனார்டா டிடிமா

படங்களில் நாம் பார்ப்பது பெரும்பாலும் இதுதான். இரண்டு முதல் நான்கு அடி உயரம், ஜூலையில் தொடங்கி ஒரு மாதத்துக்கு மேல் நீளும் பூப்பு, வாடிய தலைகளைக் கிள்ளிவிட்டால் இன்னும் சில வாரம். கிழக்கு வட அமெரிக்காவின் ஓடைக்கரைகளிலும் ஈரமான காட்டோரங்களிலும் இயல்பாக வளர்வது. ஒண்டாரியோ ஏரியின் தென்கரையிலுள்ள ஓஸ்வீகோவில் பழங்குடி மக்கள் இதன் இலையைக் காய்ச்சிக் குடித்ததைக் கண்ட தாவரவியலாளர் ஜான் பார்ட்ரம், 1744இல் லண்டனிலிருந்த தோட்டப்பிரியர் பீட்டர் காலின்சனுக்கு விதை அனுப்பினார். ஓஸ்வீகோத் தேநீர் என்ற பெயர் அப்படி நிலைத்தது. 1773இல் பாஸ்டன் துறைமுகத்தில் பிரிட்டிஷ் வரியை எதிர்த்துத் தேயிலைப் பெட்டிகளைக் கடலில் கவிழ்த்த பிறகு, குடியேறிகள் தேயிலைக்கு மாற்றாக இதைக் குடித்தார்கள். பெர்கமாட் என்ற பெயரும் இதற்கு இருப்பதால் ஏர்ல் கிரே தேநீரில் இருப்பது இதுதான் என்று பலர் நினைக்கிறார்கள். அதில் சேர்வது ஓர் எலுமிச்சை வகைப் பழத்தின் தோல் எண்ணெய்; மணம் ஒத்திருந்ததால் வந்த பெயர்க் குழப்பம் இது.

ரீங்காரச் சிட்டு வேண்டுமென்றால் இந்தச் செடிக்கு இணை இல்லை. நீண்ட குழல், சிவப்பு நிறம், தேன் என்று மூன்றும் அந்தப் பறவையின் அலகுக்கென்றே அமைந்தவைபோல் இருக்கும். காலையில் தள்ளி நின்று பார்த்தால் இன்னொரு காட்சியும் கிடைக்கும்: குழலின் நீளத்துக்கு நாக்கு எட்டாத பருத்த தச்சுத்தேனீ, பூவின் வாயருகே போகாமல் குழலின் அடியில் ஒரு கீறல் போட்டு, பின்கதவு வழியாகத் தேனை உறிஞ்சிவிட்டுப் போகும். மகரந்தம் ஒரு துகளும் அதன் மேல் படாது.

மறைசெலவு முழுவதும் நீரில்தான். களிமண்ணை இது பொறுத்துக்கொள்ளும். கோடையில் காய்வதைப் பொறுக்காது. வறண்ட இடத்தில் நட்டால் வாரம் இரண்டு முறை ஆழமாக நீர் விடவேண்டும், இரண்டு மூன்று அங்குல மூடாக்கு போடவேண்டும், ஏப்ரலில் துளிர்க்கும் தண்டுகளில் மூன்றில் ஒன்றை அடியோடு வெட்டிக் காற்றுக்கு வழிவிடவேண்டும். மூன்றாண்டுக்கொருமுறை தூரைப் பெயர்த்துப் பிரிக்கவேண்டும். குளிர்காலத்தில் நீர் தேங்கும் பள்ளமும் ஆகாது, வேர் அழுகிவிடும்.

வாங்குவதாக இருந்தால் பெயரில்லாத சிவப்பை விட்டுவிட்டு, ஜேக்கப் கிளைன் என்ற ரகத்தைக் கேளுங்கள். டெலவேர் மாநிலத்தின் மவுண்ட் கியூபா தாவரவியல் தோட்டம் 2014 முதல் 2016 வரை மொனார்டா ரகங்களை ஒன்றாக வளர்த்து ஒப்பிட்டபோது, சாம்பல் நோயை நன்கு தாங்கியவற்றில் இதுவும் ஒன்று. ரீங்காரச் சிட்டுகள் மிகுதியாகத் தேடி வந்ததும் இதைத்தான். நான்கடிக்கு மேல் உயர்வதால் வரிசையின் பின்புறத்தில்தான் இதற்கு இடம்.

இது சிறந்த தேர்வாகும் இடம்: கூரைப் பீலியிலிருந்து நீர் இறங்கும் குழாயின் அருகு, பிற்பகல் நிழல் விழும் கிழக்குச் சுவரோரம், பனி உருகிய பிறகும் சில நாள் ஈரம் மாறாத தாழ்வான மூலை.

## ஊதா: மொனார்டா ஃபிஸ்டுலோசா

கடையில் இதை யாரும் முதலில் எடுப்பதில்லை. மங்கலான ஊதா, சற்றே கலைந்த தலை, சீட்டில் காட்டுப் பெர்கமாட் என்ற பெயர். ஆனால் தென் ஒண்டாரியோவின் வெயில்பட்ட புல்வெளிகளிலும் ரயில் பாதையோரங்களிலும் யாரும் நீர் ஊற்றாமல் நிற்பது இதுதான். களிமண், மணல், சரளை எதுவானாலும் நீர் வடிந்தால் போதும். நன்றாக வேரூன்றிய பிறகு கோடை வறட்சியைத் தாங்கும். குளிரைத் தாங்குவதில் சிவப்பைவிட ஒரு படி மேல்.

சாம்பல் நோய் இதற்கு வராது என்று சொல்லமாட்டேன். வரும், நெருக்கமாக நட்டால் நிச்சயம் வரும். ஆனால் வெயிலும் காற்றும் உள்ள இடத்தில் பெரும்பாலும் பூத்து முடிந்த பிறகே வருகிறது, அப்போது கண்ணை உறுத்துவதில்லை. மவுண்ட் கியூபா ஒப்பீட்டில் நோய்த்தாங்குதலுக்கு முன்வரிசையில் நின்ற கிளேர் கிரேஸ் இந்த இனத்தின் ரகம்தான்.

வருகையாளர்களின் எண்ணிக்கையில் இதுவே முதல். பம்பிள் தேனீக்கள் விடிகாலைக் குளிரில் பூத்தலையின் அடியில் தொற்றிக்கொண்டு தூங்குவதை ஜூலை இறுதியில் கண்டிருக்கிறேன். கூடு திரும்பும் வழக்கமில்லாத ஆண் தேனீக்கள் அவை. வெயில் ஏறி உடல் சூடாகும்வரை விரலால் தொட்டாலும் ஒரு காலை மட்டும் தூக்கிக் காட்டிவிட்டு அப்படியே இருக்கும். ரீங்காரச் சிட்டுபோலவே அந்தரத்தில் நின்று தேன் குடிக்கும் தெளிசிறகு விட்டிலும் வரும். மொனார்டாவின் மகரந்தத்தையே நம்பி வாழும் சிறு கருந்தேனீ இனம் ஒன்றுகூட உண்டு. ரீங்காரச் சிட்டும் எட்டிப்பார்க்கும், ஆனால் சிவப்புக்கு அது காட்டும் பற்று இதனிடம் இல்லை.

இலையைக் கசக்கி முகர்ந்தால் ஓமமும் கற்பூரவல்லியும் கலந்த மணம் வரும். அது வெறும் மனமயக்கம் அன்று. ஓமத்துக்கு மணம் தரும் தைமாலும் கற்பூரவல்லியின் கார்வக்ராலும் இதிலும் உள்ளன. உலர்த்திப் பொடித்து ஓரிகனோவுக்குப் பதிலாகப் பயன்படுத்தலாம். தேநீரும் போடலாம், கர்ப்பிணிகள் மட்டும் மருத்துவரைக் கேட்டுக்கொள்வது நல்லது. பஜ்ஜி போட முயலவேண்டாம். இலை மெலிந்து, மயிர் படிந்து, மாவுக்குள் இருப்பதே தெரியாமல் போய்விடுகிறது. நாங்கள் போட்டுப் பார்த்துவிட்டோம்.

மறைசெலவு இரண்டு. வளமான மண்ணிலும் உரமிட்ட பாத்தியிலும் இது நெடுநெடுவென்று வளர்ந்து சாய்ந்துவிடும். ஆகவே உரம் போடாதீர்கள், ஜூன் தொடக்கத்தில் மூன்றில் ஒரு பங்கு உயரத்தை வெட்டிவிடுங்கள். பூப்பு ஓரிரு வாரம் தள்ளும், தண்டு உறுதியாகும். இரண்டாவது, இது விதையாலும் பரவும். நாற்று இளமையாக இருக்கும்போது பிடுங்குவது எளிது. விட்டுவைத்தால் அண்டை வீட்டாரின் புல்தரையில் போய் முளைக்கும்.

## புள்ளி: மொனார்டா பங்க்டேட்டா

அடுக்கடுக்காகக் கோபுரம்போல் எழும் பூ. மஞ்சள் கலந்த வெண்ணிறக் குழல்களில் ஊதாப் புள்ளிகள், ஒவ்வோர் அடுக்கின் கீழும் இளஞ்சிவப்பு இலைத்தட்டு. முதன்முறை பார்ப்பவர்கள் இது பீ பாம் என்று நம்பமாட்டார்கள்.

நம்மோடு இதற்கு ஒரு பழைய உறவும் உண்டு. முதல் உலகப் போருக்கு முன்பு மருந்துக்கான தைமால், இந்தியாவிலிருந்து சென்ற ஓமத்திலிருந்து பெருமளவில் ஜெர்மனியில் பிரித்தெடுக்கப்பட்டது. போரால் அந்த வழி அடைபட்டதும், அமெரிக்க வேளாண்மைத் துறை தன் நாட்டு மணற்பாங்கில் தானாக வளர்ந்த இந்தச் செடியிலிருந்து தைமால் எடுக்கும் வழிகளை ஆராய்ந்தது. ஓமத்துக்கு மாற்றாக ஓர் அரசு தேடிய செடி இது.

இது கேட்பது மணல் நிலம், முழு வெயில், குறைந்த நீர். களிமண்ணில் ஓராண்டு சமாளித்துவிட்டுக் குளிர்கால ஈரத்தில் அழுகிப்போகும். சீட்டில் பல்லாண்டுச் செடி என்று எழுதியிருந்தாலும் இரண்டு மூன்று ஆண்டுகளே வாழும். விதை விழுந்து தானாக முளைத்தால்தான் தோட்டத்தில் தொடரும். மூடாக்கைத் தடிப்பாகப் போட்டால் அந்த விதை முளைக்காது, செடியும் தோட்டத்தைவிட்டுப் போய்விடும். அதுதான் இதன் மறைசெலவு. தனித்து வாழும் பெரிய குளவிகள் நிறைய வரும். இவை கூட்டைக் காக்கும் குளவிகள்போல் விரட்டிக் கொட்டுபவை அல்ல, காய்கறிப் பாத்தியின் புழுக்களையும் வெட்டுக்கிளிகளையும் பிடித்துப்போகும் இனங்களும் இவற்றில் உண்டு. இருந்தாலும் சிறு பிள்ளைகள் ஓடியாடும் வாசற்படியருகே நான் நடமாட்டேன்.

## குட்டை: மொனார்டா பிராட்பூரியானாவும் கலப்பு ரகங்களும்

பிராட்பூரியானா அமெரிக்காவின் நடுத்தெற்குப் பகுதிக்குரியது. ஒன்று முதல் இரண்டடி உயரம், மற்றவை மொட்டுவிடும் முன்பே மே இறுதியிலும் ஜூனிலும் வெளிர்சிவப்பில் பூத்துவிடும். இலை தடித்தது, நோய் குறைவு, மெதுவாகவே பரவும். ஒரே குறை, எல்லாக் கடைகளிலும் கிடைப்பதில்லை. உள்நாட்டுச் செடி விற்கும் நர்சரிகளில் முன்பதிவு செய்யவேண்டியிருக்கும்.

கலப்பு ரகங்களில் மானிட்டோபாவின் மோர்டன் ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட இரண்டை நம்பி வாங்கலாம். மார்ஷல்ஸ் டிலைட் உயரமானது, இளஞ்சிவப்பு, சாம்பல் நோயைத் தாங்குவதற்குப் பெயர்பெற்றது. பெட்டிட் டிலைட் ஓரடியை ஒட்டி நின்றுவிடும். புல்வெளி மாகாணத்துக் குளிரில் தேர்ந்தவை என்பதால் நம் குளிர்காலம் இவற்றுக்குப் பெரிதில்லை. ஆண்டுதோறும் புதிய பெயர்களில் வரும் பிற குட்டை ரகங்களைப் பற்றி எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. தண்டுகள் நெருங்கி நிற்பதால் காற்று புகுவதில்லை, நோய்த்தாங்குதல் ரகத்துக்கு ரகம் மாறுகிறது, பலவற்றுக்குக் காப்புரிமை இருப்பதால் பிரித்துப் பெருக்கி விற்கவும் முடியாது.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | சிவப்பு | ஊதா | புள்ளி | குட்டை |
|---|---|---|---|---|
| நிலம் | ஈரம் மாறாதது | எதுவும், நீர் வடிந்தால் | மணல் | நடுத்தரம் |
| கோடை நீர் | மிகுதி | வேரூன்றிய பின் தேவை குறைவு | மிகக் குறைவு | அளவாக |
| சாம்பல் நோய் | ரகத்தைப் பொறுத்தது | பூப்புக்குப் பின் | குறைவு | பிராட்பூரியானாவில் குறைவு |
| பரவல் | கிடைத்தண்டால் வேகம் | தண்டாலும் விதையாலும் | விதையால் மட்டும் | மெதுவாக |
| பூக்கும் காலம் | ஜூலை, ஆகஸ்ட் | ஜூலை, ஆகஸ்ட் | ஜூலை முதல் செப்டம்பர் | மே, ஜூன். கலப்பு ரகங்கள் ஜூலை |
| வருகையாளர் | ரீங்காரச் சிட்டு | தேனீ, விட்டில் | குளவி, தேனீ | தேனீ |

## விதையா, தொட்டியா, பிரித்த தூரா

ரகமாகத் தேர்ந்தெடுக்காத இயல்பான இனச் செடிகளுக்கு விதை போதும். ஊதாவுக்கும் புள்ளிக்கும் விதையை மண்ணின் மேற்பரப்பில் தூவி அழுத்திவிட்டால் முளைக்கும். முளைக்க வெளிச்சம் வேண்டும் என்பதால் மூடக்கூடாது. பெரும்பாலும் மறு ஆண்டுதான் பூக்கும். ஜேக்கப் கிளைன் போன்ற ரகங்களை விதையால் பெருக்க முடியாது, பிள்ளை தாயைப்போல் இராது.

தொட்டிச் செடி அந்த ஆண்டே பூக்கும். வாங்கும்போது மூன்று கேள்வி கேளுங்கள்: ரகத்தின் பெயர் என்ன, நியோனிகோட்டினாய்டு வகைப் பூச்சிக்கொல்லியில் நனைத்த நாற்றா, எந்த ஊரில் வளர்த்தது? தேனீக்காக நடும் செடியில் தேனீயைக் கொல்லும் மருந்து ஊறியிருந்தால் கொடுத்த காசு வீண்தானே. பிரித்த தூர் இலவசமாகவே கிடைக்கும். ஏப்ரல் இறுதியில் அண்டை வீட்டார் பெயர்க்கும்போது நடுத்தூரை விட்டுவிட்டு ஓரக் கன்றாகக் கேட்டு வாங்குங்கள். அவர்கள் தோட்டத்தில் ஆகஸ்டில் அந்தச் செடி எப்படி நின்றது என்பதை முந்தைய கோடையிலேயே பார்த்து வைத்துக்கொள்வது, எந்தச் சீட்டையும் படிப்பதைவிட மேல்.

தமிழ்நாட்டிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் விதை அனுப்பச் சொல்லிக் கேட்பவர்களுக்கு ஒரு சொல். குளிரில் அடங்கி உறங்கி எழும் செடி இது. நம் சமவெளி வெப்பத்தில் ஆண்டுகள் நீடிக்காது. தேனீக்குத் துளசியும் மூக்குக்குக் கற்பூரவல்லியும் அங்கே ஏற்கெனவே இருக்கின்றன.

## மூன்று வீடுகள், மூன்று விடைகள்

டொரொண்டோவை ஒட்டிய மார்க்கம் நகரில் புதுவீடு வாங்கிய நண்பர் ஒருவருக்கு, மேல்மண்ணைச் சுரண்டி எடுத்துவிட்ட வெறுங்களிமண், ஒரு மரநிழலும் இல்லாத முற்றம். ஊதாவைத்தான் சொன்னேன், இரண்டடி இடைவெளியில் ஐந்து செடி. சிவப்பின் மேல் ஆசைப்பட்ட அவர் மனைவிக்காக, பீலிக்குழாயின் வாயருகே ஒரே ஒரு ஜேக்கப் கிளைன்.

ஸ்கார்பரோவில் பழைய வீடு, பின்புறம் முழுவதும் காய்கறிப் பந்தல் போடும் ஓர் அக்காவுக்குப் பூச்செடிக்கென்று இருப்பது வேலியோரம் மூன்றடி அகலம். பரவும் எதுவும் அவருடைய கீரைப் பாத்தியை மேய்ந்துவிடும். அவருக்குப் பிராட்பூரியானா, ஜூன் தொடக்கத்தில் அது இழுத்துவரும் தேனீக்கள் அங்கேயே பழகிவிட்டால், பூசணி பூக்கும்போது கூப்பிடாமலே வந்துவிடும்.

மூன்றாமவர் 14ஆம் மாடியில் குடியிருக்கிறார். பால்கனியில் தொட்டி வைத்து ஆண்டாண்டாக வளர்க்க முடியுமா என்று கேட்டார். தொட்டி மண் நிலத்தைவிட வேகமாகவும் முழுவதுமாகவும் உறையும், காற்று தண்டை ஒடிக்கும் என்பதால், நெடிய வகைகளை அங்கே வைப்பதில் பொருளில்லை. பதினான்கு அங்குல வாயுள்ள தொட்டியில் ஒரு பெட்டிட் டிலைட் வைத்து, நவம்பரில் கட்டடச் சுவரோடு அணைத்து, சாக்கையும் பழைய கம்பளியையும் சுற்றி, உறைபனி விடும் நாட்களில் மண் அடியோடு காயாமல் ஒரு குவளை நீர் ஊற்றச் சொன்னேன். ஏப்ரல் முடிவில் மண்ணை ஒட்டி ஊதா கலந்த பச்சைத் துளிர் தெரியவேண்டும். தெரியாவிட்டாலும் உடனே கொட்டிவிட வேண்டாம். மே பிற்பகுதியில் வரும் விக்டோரியா தின வாரயிறுதிவரை பொறுத்திருந்து, அப்போதும் ஒன்றும் இல்லையென்றால் வேரைச் சுரண்டிப் பார்க்கலாம். உள்ளே வெளுப்பாக இருந்தால் இன்னும் ஒரு வாரம் கொடுக்கலாம், பழுப்பாக இருந்தால் தொட்டியில் புதினா வைக்கலாம்.